கப்பல்காரனுக்குப் பல்லி என்றால் பயம்

டாக்டரம்மா,

புத்தகங்கள்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. முப்பத்தெட்டு வருடம் அவைதான் எனக்குச் சோறு போட்டன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு, இந்த ஆள் எழுத்து வாசனையே இல்லாத முரடன் போலிருக்கிறது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

இன்று காலை என்னிடம் இரண்டு கேள்வி கேட்டீர்கள். என் மனைவியை ஏன் இத்தனை மாதம் கழித்துக் கூட்டிவந்தேன் என்பது ஒன்று. இரண்டாவதைப் பிறகு எடுத்துக்கொள்வோம். முதலாவதுக்குப் பதில் தெரிந்தால் அது தானாக விளங்கிவிடும். நான் வாயைத் திறப்பதற்குள் உங்களை ஆபரேஷன் தியேட்டருக்குள் கூப்பிட்டார்கள். "எழுதிக் குடுங்க பெரியவரே, எதையும் விடாம எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நர்ஸ் அம்மா முதலில் ஒரு தாள் கொடுத்தார். போதாது என்றேன். நான்கு கொடுத்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டோடு வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அச்சகத்தில் நான் வாசிப்பவன். அப்படி ஒரு வேலை இருந்தது. அச்சான தாளைப் பிழை திருத்துபவர் கையில் வைத்திருப்பார். எழுத்தாளர் எழுதிக் கொடுத்த மூலத்தை நான் எதிரில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். நான் வாசிப்பதும் அவர் பார்ப்பதும் ஒத்துப்போகிறதா என்பதுதான் விஷயம். நான் எதையும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. புரிந்துகொண்டால் குரல் ஏறி இறங்கும், அது கூடாது. கமா வந்தால் விரல் கணுவால் மேஜையில் ஒரு தட்டு. முற்றுப்புள்ளிக்கு இரண்டு. பத்தி முடிந்தால் மூன்று. சாவுச் செய்தியும் சோப்பு விளம்பரமும் என் வாயில் ஒரே மாதிரிதான் வரும்.

ஒருமுறை ஓர் அகராதியைத் தொடங்கினோம். எதிரில் உட்கார்ந்திருந்தவர் 'ம' வரிசையில் ரிட்டையர் ஆனார். அவர் இடத்துக்கு வந்தவருக்கு 'வ' வரிசையில் பேரன் பிறந்தான். இன்னொரு முறை ரயில்வே கால அட்டவணை. பதினோரு நாள் வாசித்தேன். பன்னிரண்டாம் நாள் திருத்துபவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போய் ஏதோ ஒரு வண்டியில் ஏறிவிட்டார், இன்றுவரை திரும்பவில்லை. இதையெல்லாம் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. இனிமேல் எழுதப்போவதை நம்பினால் போதும்.

என் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவள் காது தனியாக ஒரு உத்தியோகஸ்தராகவே ஆகிவிட்டது. மூன்றாவது தெருவில் பால் பொங்கினால் இங்கிருந்தே "அடுப்ப அணைக்கச் சொல்லுங்க" என்பாள். வீட்டுக்கு வந்தால் காதல் நாவல். வாரத்துக்கு மூன்று. நூலகத்தில் அந்த வரிசைக்கு எதிரே அவளுக்கென்று ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தொரு வருடம். பிள்ளைகள் இல்லை. சாப்பாட்டு மேஜையில் எதிரில் அவள் உட்கார்ந்திருப்பாள், நடுவில் புத்தகம் நிற்கும். நான் பார்த்ததெல்லாம் அட்டைப்படம்தான். என் தாம்பத்தியத்தில் பாதிக்கு மேல், சட்டைப் பித்தான் போடத் தெரியாத ஆண்களின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டவன் நான். குறையாகச் சொல்லவில்லை. ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

பிறகு அவள் கண்ணில் புரை விழுந்தது. பனியில் மஞ்சள் பல்பு போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். உங்கள் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிவந்தேன், அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பரிசோதனை செய்துவிட்டு ஆறு வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். இது பதினான்கு மாதத்துக்கு முந்தைய கதை.

அந்த ஆறு வாரத்துக்குள்தான் அந்தப் புத்தகம் வந்து சேர்ந்தது.

அது ஒரு தொடரின் மூன்றாவது பாகம். எழுதியவர் ஓர் அம்மணி. இரண்டாவது பாகத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு மூன்று வருடம் மௌனமாக இருந்தவர். என் மனைவியும் இன்னும் நான்கு பெண்களும் வியாழக்கிழமைதோறும் நூலகத்தில் கூடி அந்த மௌனத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நாயகனுக்கு ஒரு கப்பல் கம்பெனி. அவன் பெயரை இங்கே எழுதி அவனுக்கு விளம்பரம் தேடித்தர நான் தயாரில்லை. கப்பல்காரன் என்றே சொல்கிறேன்.

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் தடவிப் பார்த்தாள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, படிச்சுக் காட்டறீங்களா?"

"அதுக்கென்ன."

"இது அந்த மாதிரி புத்தகம்."

"அந்த மாதிரின்னா?"

"வயசுக்கு வந்தவங்க படிக்கறது."

"எனக்கு எழுபத்திரண்டு."

"அதான் கேக்கறேன்."

சாயங்காலம் டீ குடித்ததும் ஜன்னலோரம் இரண்டு நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். முப்பத்தெட்டு வருடப் பழக்கம், விரல் தானாக நாற்காலிக் கைப்பிடியில் தட்டியது. கப்பல்காரன் அவளை நெருங்கினான், தட்டு, அவள் கழுத்தில் அவன் மூச்சுக்காற்று பட்டது, தட்டு, லிப்ட் நின்றுவிட்டது, தட்டுத் தட்டு. என் மனைவி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "மின்சாரக் கட்டண அறிவிப்பு மாதிரி இருக்குங்க" என்றாள். ஆனால் போகப் போகச் சிரிப்பு நின்றது. அவள் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்தக் கப்பல்காரனைப் பற்றி நியாயமாகவே சொல்கிறேன். உயரம் ஆறடி மூன்று அங்குலம். நாற்பது கப்பல் வைத்திருந்தான், உருப்படியாக ஒரு சட்டை வைத்திருந்ததாகத் தெரியவில்லை. நூற்றுப்பத்துப் பக்கத்துக்குள் பதினான்கு இடத்தில் சட்டையைக் கழற்றுகிறான்; திரும்பப் போட்டுக்கொண்டதாக ஓரிடத்திலும் இல்லை. பிழை திருத்தியவர் தூங்கியிருக்கிறார். வேலைக்குப் போகிறானா என்றால் அதுவும் இல்லை. அவன் வீட்டுக்கு உள் அலங்காரம் செய்ய வந்த பெண்ணை லிப்டிலும் மாடிப்படியிலும் துரத்துவதற்கே அவனுக்கு நேரம் சரியாக இருந்தது. அந்த நாற்பது கப்பலும் எங்கே மோதிக் கிடந்தனவோ.

ஒரு விஷயத்தை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நாற்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக என் மனைவியின் முகத்துக்கும் எனக்கும் நடுவில் புத்தகம் இல்லை. அது என் கையில் இருந்தது. அவள் முகம் முழுசாக என் பக்கம் திரும்பியிருந்தது. அவளுக்கு இடது புருவத்தின் கீழே ஒரு மச்சம் உண்டு என்பதையே அப்போதுதான் சாவகாசமாகப் பார்த்தேன். லிப்ட் கட்டத்தில் அவள் சிரித்தாள். உதட்டோரத்தில் மட்டும். கல்யாணமான புதிதில்கூட நான் பார்த்திராத சிரிப்பு. அது என்னைப் பார்த்துத்தான் வந்தது, ஆனால் எனக்கு வந்ததல்ல. பக்கத்து வீட்டுத் தபால் நம் கதவிடுக்கில் விழுந்த மாதிரி.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கப்பல்காரன் அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு நாற்பத்து நாலு படி ஏறுகிறான். எனக்கு முழங்கால் வலி. மூன்றாவது படியிலேயே கைப்பிடியைப் பிடிப்பவன் நான். இதை வாசித்துக்கொண்டிருந்தபோது, ஏழாவது படியில் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கினால் நியாயமாக இருக்கும் என்று பட்டது. வாங்க வைத்தேன்.

"மூச்சு வாங்குதா? இவனுக்கா?" என்றாள் அவள்.

"எழுதியிருக்கு."

மேலே அறைக்குப் போய்க் கதவைச் சாத்தியதும் விட்டத்திலிருந்து ஒரு பல்லியை அவன் தோளில் விழ வைத்தேன். கப்பல்காரன் அந்தப் பெண்ணைக் கீழே போட்டுவிட்டுக் கட்டில்மேல் ஏறி நின்று அலறினான். பல்லி போகிறவரை இறங்க மாட்டேன் என்று தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள்தான் துடைப்பத்தை எடுத்துவந்தாள்.

என் மனைவி நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டாள். பிறகு, "இதுக்கா மூணு வருஷம் காக்க வெச்சாங்க?" என்றாள்.

அதற்குப் பிறகு வேலை சுலபமாக இருந்தது. பதினான்காம் அத்தியாயத்தில் கப்பல்காரன் குறட்டை விட்டான். பதினாறில், முக்கியமான கட்டத்தில், துறைமுகச் சுங்க விதிகளை விளக்கினான். பத்தொன்பதில் பல்செட்டைக் கழற்றித் தம்ளரில் போட்டான். ஒவ்வொரு நாளும் என் மனைவியின் உதட்டோரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவந்தது. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் பார்த்தேன்.

கடைசியில் அந்த எழுத்தாளர் அம்மணிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "அம்மா, உங்க மொத ரெண்டு பாகத்த நான் ஒம்போது தடவ படிச்சிருக்கேன். இந்த மூணாவது பாகத்துல அவனுக்கு என்ன ஆச்சு? காதலிக்கறவன நாங்க வெளிய பாத்ததே இல்லம்மா, அதனாலதான் உங்ககிட்ட வந்தோம். நீங்களும் வீட்ல இருக்கற மாதிரியே ஒருத்தன எழுதினா நாங்க எங்க போறது?" இந்த இடத்தில் என் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதினேன். தபாலிலும் சேர்த்தேன். பதில் வரவில்லை. வந்திருந்தாலும் நான்தானே வாசித்திருப்பேன்.

கடிதம் போட்ட வாரம், வியாழக்கிழமை அவளை நூலக வாசலில் விட்டுவிட்டு வெளியே மரத்தடியில் நின்றிருந்தேன். உள்ளேயிருந்து ஒரே சிரிப்பு. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"பன்னெண்டாம் அத்தியாயம் எடுங்க. பல்லி விழற எடம்."

வாசித்தேன். நானே செய்த பல்லி, எனக்கு மறக்குமா? வார்த்தைக்கு வார்த்தை அப்படியே வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஹெட்போன் மாட்டிய காலத்தில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"தட்டல" என்றாள்.

"என்னது?"

"பல்லி விழுந்ததுக்குத் தட்டல. அவன் கட்டில்ல ஏறினதுக்குத் தட்டல. தொடப்பத்துக்கும் தட்டல. படி ஏறற வரைக்கும் டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே வந்தீங்க. அந்த அம்மாதான் பாதியில புள்ளி வெக்கறதையே விட்டுட்டாங்கன்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்."

தாளைப் பார்த்து வாசித்தால் என் விரல் தட்டும். தாளில் இல்லாததைச் சொன்னால் விரலுக்கு என்ன தெரியும்? என் தொழிலில் இருப்பவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. எக்ஸ்சேஞ்சில் இருந்தவள் மட்டுமே பிடிக்கக்கூடியதும்கூட.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பொறாமையா? அவன் மேலயா? அட, காயிதத்துல இருக்கறவன்ங்க அவன்!"

"பொறாமையெல்லாம் இல்ல. மிகைப்படுத்திச் சொல்றது எனக்குப் பிடிக்காது."

"ஆமாமா, நீங்க அரிச்சந்திரன் வீட்டுக்கு அடுத்த வீடு. ரயில்ல ஏறிப் போனவர் இன்னும் வரலையா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, ஒரு ஒப்பந்தம். தட்டினா புத்தகம். தட்டலன்னா நீங்க. எனக்குத் தெரிஞ்சா போதும், நீங்க பாட்டுக்கு அளந்து விடுங்க. ஆனா ஆபரேஷன் ஆகட்டும், கட்டுப் பிரிச்சதும் மொத வேல, இந்தப் புத்தகத்த மொத பக்கத்துலேர்ந்து நானே படிக்கப் போறேன். அன்னிக்கு நீங்க பக்கத்துலயே இருக்க வேணாம்."

ஆபரேஷனுக்கு ஒன்பது நாள் இருந்தது.

இந்த வாக்கியத்தைப் பற்றி நான் அமைதியாக யோசித்துப் பார்த்தேன், டாக்டரம்மா. கண் திறந்ததும் அவள் முதலில் பார்க்க விரும்புவது அவனை. நான் அப்போது பக்கத்தில் இருக்கக் கூடாது. "மொதல்ல உங்க முகத்தப் பாக்கணும்" என்று சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது. முப்பத்தொரு வருடம் "லைன் பிஸி" என்று ஊருக்கெல்லாம் சொன்னவளுக்கு இது ஒரு பெரிய காரியமா?

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அவளுக்குக் காய்ச்சல் என்றேன். ரிசப்ஷன் பெண் தேதியைத் தள்ளி வைத்தாள். என் மனைவியிடம், "இன்னும் முத்தலையாம், முத்தட்டும்னு சொல்றாங்க" என்றேன். புரை முற்றிய பிறகுதான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அது அந்தக் காலத்துக் கதை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்; கண் மருத்துவப் புத்தகம் ஒன்றை முழுக்க வாசித்தவன் நான். புரிந்துகொள்ளக் கூடாதுதான், ஆனால் ஒன்றிரண்டு ஒட்டிக்கொள்கிறது.

அந்த மாதங்கள் நன்றாகவே போயின. தெருவில் இறங்கினால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சாயங்காலமானால் நாற்காலி, அதே புத்தகம் மறுபடியும். தட்டினால் புத்தகம், தட்டாவிட்டால் நான். சில நாள் அவளே இடைமறித்து, "என்ன இன்னிக்கு ஒரேயடியாத் தட்டிக்கிட்டே போறீங்க? போரடிக்குது. உங்க பங்கு எங்க?" என்பாள். என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? தட்டாததை என் கணக்கில் தள்ளிக் கப்பல்காரனைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, அவனுக்கு வழுக்கை விழ வைத்தேன். அதற்கும் சிரித்தாள். என் மனைவி லேசில் பிடி கொடுக்க மாட்டாள்.

இரண்டாவது தேதி வந்தபோது வெளியூரில் கல்யாணம் என்றேன். இடையில் வியாழக்கிழமைப் பெண்களில் ஒருவர், மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மாள், நூலக வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார் இது, மாசக் கணக்கா முத்தலன்னு சொல்லிட்டிருக்கீங்க? இப்பல்லாம் யாரு முத்தற வரைக்கும் விடறாங்க? வேற எடத்துலயாவது காட்டுங்க. அவங்க கூட்டத்துல பேசவே மாட்டேங்கறாங்க, பாவம்."

அவர் சொன்னது சரிதான். நல்ல மனுஷி. அந்த வாரமே, கூட்டத்தை இரண்டாவது மாடிக்கு மாற்றிவிட்டார்கள், லிப்ட் இல்லை, என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். நூலகத்துக்கு மாடியே கிடையாது. அவளுக்கு அது ஞாபகம் வராமல் போனதற்குக் காரணம், நான் படிகளை அவ்வளவு விவரமாகச் சொன்னேன். போன் செய்து கேட்கிறேன் என்றாள். போன் என் சட்டைப் பையில் இருந்தது. அந்த அம்மாள் எடுக்கவில்லை என்றேன். அன்று மாலை அவள் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். திரும்ப வேறு பக்கம் இல்லை.

பிறகு அந்தப் பதிவுத் தபால். உங்கள் கையெழுத்துப் போட்ட கடிதம்தான், நினைவிருக்கும். முதல் பரிசோதனையிலேயே வலது கண்ணில் அழுத்தம் அதிகமாக இருந்தது, புரை முற்றினால் அது இன்னும் ஏறும், சொட்டு மருந்து உடனே தொடங்க வேண்டும், தாமதித்தால் பார்வை நிரந்தரமாகப் போய்விடும், எந்த நாளும் எந்த நேரமும் நேரில் வரலாம். சுருக்கமாக, தெளிவாக எழுதியிருந்தீர்கள். தபால்காரர் அவள் பெயரை வாசலிலேயே உரக்கச் சொல்லிவிட்டார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்தா? படிங்க" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். உறையைப் பிரித்தேன். "அம்மையீர், தட்டு, தங்கள் கண்ணின் நிலை திருப்திகரமாக உள்ளது, தட்டுத் தட்டு. புரை இன்னும் முற்ற வேண்டியிருப்பதால், தட்டு, அவசரம் ஏதுமில்லை, தட்டுத் தட்டு." பத்தி முடிவில் மூன்று. ஒரு இடத்தில்கூட விரல் பிசகவில்லை. இரண்டு நாள் முன்னதாக வந்திருந்தால் பிசகியிருக்கும். நான் நூலகத் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து பழகியிருந்தேன். தாளில் இல்லாததற்குத் தட்டப் பழகுவது லேசில்லை. இடது கையால் காது மடலைத் தடவிக்கொள்கிறவனுக்கு, தடவாதே என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

அவள் முழுக்கக் கேட்டாள். "நல்லா எழுதியிருக்காங்க" என்றாள். "அவசரமில்லன்னு அவங்களே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன. நான்கூட என்னமோன்னு பயந்தேன்."

நம்பிவிட்டாள். ஏன் நம்ப மாட்டாள்? ஒப்பந்தமே அவள் போட்டதுதான்.

அடுத்த மாதம் ரிசப்ஷன் பெண் மறுபடியும் கூப்பிட்டாள். டாக்டர் ரொம்பக் கவலைப்படுகிறார்கள், நாளைக்காவது கூட்டிவாருங்கள், இல்லாவிட்டால் நாங்களே வீட்டுக்கு ஆள் அனுப்புகிறோம் என்றாள். காய்ச்சல் சொல்லியாகிவிட்டது, கல்யாணமும் சொல்லியாகிவிட்டது. ஒரு பொய்யையே திரும்பச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. "அவ தவறிட்டாம்மா" என்றேன். "போன வாரம்." அந்தப் பெண், "ஸாரி சார், எங்க பாட்டி மாதிரி பேசுவாங்க சார்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவளைத் தேற்றி, வேளைக்குச் சாப்பிடச் சொல்லிப் போனை வைத்தேன். அன்று சாயங்காலம் என் மனைவிக்குக் கூடுதலாகப் பால் விட்டு நல்ல டீயாகப் போட்டுக் கொடுத்தேன். "என்ன விசேஷம்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஆக, உங்கள் கம்ப்யூட்டரில் என் மனைவி எப்படி மூன்று மாதத்துக்கு முன்பே இறந்துபோனாள் என்ற இரண்டாவது கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. அந்த ரிசப்ஷன் பெண்ணைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவள் தப்பு எதுவும் இல்லை.

முந்தாநாள் காலை அவள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணுக்குள்ள ஆணி அடிக்கறாங்க" என்றாள். வாந்தி எடுத்தாள். வலது கண் சிவந்து கல் மாதிரி இருந்தது. நான் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. கையில் கிடைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, முழங்கால் வலியைப் பார்க்காமல், தெருமுனை வரை அவளைத் தாங்கிக்கொண்டு வந்து வண்டி பிடித்தேன். கடைசி ஏழெட்டு அடி கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே போனேன். மூச்சு வாங்கியது, ஆனால் போனேன். அவளுக்கு அதெல்லாம் கவனிக்கிற நிலைமை இல்லை.

வலது கண் இனி வராது என்று இன்று காலை வராந்தாவில் வைத்துச் சொன்னீர்கள். அதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. இடது கண்ணை இந்த வாரமே ஆபரேஷன் செய்தால் நன்றாகப் பார்வை வரும், புத்தகம்கூடப் படிக்கலாம் என்றீர்கள். நீங்கள் அந்த உதாரணத்தைச் சொல்லியிருக்க வேண்டாம்.

நர்ஸ் அம்மா சம்மதப் படிவத்தை என்னிடம்தான் கொடுத்தார். "அம்மாவுக்குப் படிச்சுக் காட்டி, சம்மதமான்னு கேட்டுக் கைநாட்டு வாங்கிட்டு வாங்க" என்றார். அவர் வேலை அவருக்கு. கட்டிலோரம் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். நல்ல படிவம், பிழையே இல்லை. நான்காவது வரியில் 'அரிதாகச் சிலருக்குப் பார்வை இழப்பு ஏற்படலாம்' என்று இருக்கிறது. அதை, 'பெரும்பாலானவர்களுக்கு' என்று வாசித்தேன். மற்ற எல்லாம் உள்ளது உள்ளபடி.

"அப்ப, இருக்கற இந்தக் கொஞ்ச வெளிச்சமும் போயிடுமா?" என்று கேட்டாள்.

"எழுதியிருக்கு" என்றேன்.

அவள் யோசித்தாள். நான் எதுவும் சொல்லவில்லை, இரண்டு பக்கமும் பேசவில்லை. முடிவை முழுக்க அவளிடமே விட்டுவிட்டேன். வேறு எந்தக் கணவனாவது இவ்வளவு சுதந்திரம் கொடுத்திருப்பானா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் கை படுக்கைமேல் துழாவிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தது.

"வேணாம்னு எழுதிக் குடுத்துடுங்க" என்றாள். "எனக்கு எதுக்குங்க கண்ணு? அதான் நீங்க இருக்கீங்களே."

படிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன், கைநாட்டு இல்லாமல். நாற்பத்தொரு வருடத்தில் அவள் எனக்கென்று சொன்ன காதல் வசனம் இது ஒன்றுதான், டாக்டரம்மா. இதில் ஒரு வார்த்தைகூட என் கைச்சரக்கு இல்லை.